சின்னக் கடல்நீர்த் தொட்டி: கையா, இறாலா, மருந்தா?

40 லிட்டர் கடல்நீர்த் தொட்டி என்றால், பாறையும் மணலும் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் 30 லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் பாசியோ வேண்டாத உயிரோ பிடித்தால் என்ன செய்வது என்று தேடும்போது கிடைக்கும் யோசனைகளில் பாதி 400 லிட்டர் வைத்திருப்பவர்களுடையவை. அங்கே முதுகை ஒடிக்கும் வேலை இங்கே பத்து நிமிடத்தில் முடியும். அங்கே கரைந்து காணாமல் போகும் மருந்து இங்கே எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். இதை மனதில் வைத்துத்தான் கை, உயிரினம், மருந்து மூன்றையும் மோதவிடுகிறேன்.

முதலில் அய்ப்டேசியா. பழுப்பாக, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் குட்டிக் கடற்சாமந்தி; பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்துசேரும். பெரும்பாலும் ஜெயிக்கும் கை இதனிடம் தோற்கும். நான் முதலில் பார்த்த ஒன்றைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டித் தள்ளினேன். சில வாரம் கழித்து அதே பாறையில் ஏழு எண்ணினேன். அடிப்பகுதியில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் போதும், அது தனி உயிராக வளர்ந்துவிடும்.

சிரிஞ்சில் கெட்டியான சுண்ணாம்புக் குழம்பை, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடை, எடுத்து அதன் வாயில் விடுவது ஒரு வழி. பம்பை நிறுத்திவிட்டு, அது சுருங்குவதற்குள் மெதுவாக விட வேண்டும். வேலை செய்யும். ஆனால் அந்தக் குழம்பின் பிஹெச் 12க்கும் மேல். இவ்வளவு சின்னத் தொட்டியில் ஒரே நாளில் பத்துப் பதினைந்தைத் தாக்கினால் தண்ணீரின் பிஹெச்சே எகிறிவிடும். நாளுக்கு இரண்டு மூன்று போதும்.

பெப்பர்மிண்ட் இறால் எல்லோரும் சொல்லும் வழி. என் கணக்கில் அது லாட்டரி. ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகத் துடைத்துவிடும். இன்னொன்று மீனுக்குப் போடும் தீனியைத் திருடித் தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும். கொஞ்சம் பெரிய அய்ப்டேசியா பக்கம் பெரும்பாலும் போகவே போகாது. வாங்கும்போது முதுகு கூனி, சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியுமாக இருந்தால் அது கேமல் இறால். பவளத்தைக் கடிக்கும், வேண்டாம்.

பெர்கியா என்ற கடல் நத்தை அய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. பெரிய தொட்டியில் இரையைத் தேடியே நேரம் போகும்; சின்னத் தொட்டியில் அந்தச் சிக்கல் குறைவு. விளக்கணைத்த பிறகு நாலைந்தை விட வேண்டும், பம்பின் உறிஞ்சும் வாயை மூடிவைக்க வேண்டும். இறாலும் இருந்தால் பெர்கியாவே அதற்கு இரையாகலாம், அதனால் இரண்டில் ஒன்றுதான். கடைசி அய்ப்டேசியா தீர்ந்ததும் அவை பட்டினிதான், வேண்டியவருக்குக் கொடுத்துவிடுங்கள். அய்ப்டேசியாவைத் தின்னும் என்று காப்பர்பேண்ட் மீனை இந்த அளவுத் தொட்டிக்கு யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆக, ஐந்துக்குள் என்றால் சிரிஞ்சு. பரவிவிட்டால் பெர்கியா. இறால் மூன்றாம் இடம்.

முடிப்பாசிக்கு வந்தால் கணக்கு தலைகீழ். இங்கே கைதான் ராஜா. பாறையை வெளியே எடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரிலேயே வைத்துப் பிய்த்துவிடலாம். பாசி உறிஞ்சி வைத்திருக்கும் சத்துகளான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடே வெளியேறும். கூடவே தண்ணீர் மாற்றுவது: நைட்ரேட் 40 பிபிஎம் என்றால், வாரம் 20 சதவீதம் மாற்றி நான்கு வாரத்தில் 16 பக்கம் கொண்டுவரலாம், இடையில் தீனியால் ஏறுவது தனி. உள்ளே நிற்கும் 30 லிட்டருக்கு ஒரு தடவைக்கு 6 லிட்டர், ஒரு வாளி. 400 லிட்டர்க்காரருக்கு அதுவே 60 லிட்டர். அவர் ரசாயனத்தைத் தேடுவதில் நியாயம் உண்டு, நமக்கு இல்லை. மாற்றும் உப்புநீரைக் கலக்க மட்டும் ஆர்ஓ-டிஐ நீர், அதாவது கரைந்ததையெல்லாம் வடிகட்டி நீக்கிய நீர், இருக்கட்டும். குழாய்நீரோடு பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் வந்தால் செய்ததெல்லாம் வீண்.

நத்தைகள் துணைக்குத்தான். ட்ரோகஸ் நல்லது, கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும், ஆஸ்ட்ரியாவால் அது பெரும்பாலும் முடியாது. டர்போ நன்றாகத் தின்னும், ஆனால் புல்டோசர் மாதிரி பவளத் துண்டுகளைத் தள்ளிவிடும், பாசி தீர்ந்ததும் பட்டினி கிடக்கும். நீண்டு வளர்ந்த பாசியைப் பெரும்பாலான நத்தைகள் விரும்புவதில்லை என்பதால், முதலில் பிய்த்துவிட்டு அப்புறம் விடுங்கள்.

பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணை வேலை செய்கிறது, பிரச்சினை அதன் வேகம். சின்னத் தொட்டியில் ஒரு கரண்டி கூடினாலும் பாஸ்பேட் பூஜ்யத்தில் நிற்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமான தொட்டியில்தான் டைனோ அடிக்கடி தலைதூக்குகிறது: காற்றுக் குமிழிகள் சிக்கிய பழுப்புச் சளி. முடிப்பாசியை விரட்டிய கையோடு அதை வரவழைத்தவர்கள் பலர். அப்போது தண்ணீர் மாற்றுவதைக் குறைத்து, சத்தைக் கொஞ்சம் ஏற்றத்தான் வேண்டும்.

சிவப்புத் தோலாகப் படரும் சயனோ உண்மையில் பாக்டீரியா. குழாய் வைத்து உறிஞ்சினால் தகடாகப் பெயர்ந்து வரும். நீரோட்டத்தைக் கூட்டுங்கள். மருந்தும் கேட்கும், ஆனால் சயனோ சாகும்போது ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் ஓடட்டும்.

பாசிகளில் மருந்து தெளிவாக ஜெயிக்கும் ஒரே இடம் பிரையாப்சிஸ். இறகுபோல் கிளைத்திருக்கும், பிய்த்தால் திரும்பவும் முளைக்கும். பூஞ்சைக்குக் கொடுக்கும் புளூகோனசோலை லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம் என்ற அளவில் போடுவது வழக்கம். மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் வடிகட்டியிலுள்ள கார்பனை முன்னதாக எடுத்துவிட வேண்டும். ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும். கணக்கை 40 லிட்டருக்குப் போடாமல் உள்ளே நிற்கும் 30 லிட்டருக்குப் போடுங்கள்: 150 மில்லிகிராம்.

குமிழ்ப்பாசிக்கு எமரால்டு நண்டு என்பார்கள். உடையாமல் கையால் கழற்றி எடுப்பதே எனக்குப் பிடித்த வழி. நண்டு வளர்ந்து, பசியில் பவளத்தைப் பதம் பார்க்க ஆரம்பித்தால், அதைப் பிடிக்கப் பாறையை மொத்தமாக வெளியே எடுக்க வேண்டிவரும்.