ஆஸ்பெர்கர் பிள்ளைகளுக்குக் காதுக்கவசம்: 3எம் பெல்ட்டார் எக்ஸ்4ஏ

ஒன்பதாவது, பத்தாவது படிக்கும்போதுதான் பல பிள்ளைகளுக்கு ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வகை) என்று தெரியவருகிறது. (2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அந்தப் பெயரை எடுத்துவிட்டது. ரிப்போர்ட்டில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்று இருந்தால் பதற வேண்டாம்.) தெரபிக்கு இடம் கிடைக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே வாங்கித் தரக்கூடிய பொருள் இந்தக் காதுக்கவசம். சத்தம் தாங்காத பிள்ளைக்கு மட்டும்தான். எல்லோருக்கும் அந்தச் சிக்கல் இருக்காது.

எடை 234 கிராம், என்.ஆர்.ஆர் (சத்தத்தைக் குறைக்கும் அளவு) 27 டெசிபெல். இதே வரிசையின் எக்ஸ்5ஏ 31 தரும், ஆனால் 351 கிராம். பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்பதால் பதின்வயதுப் பிள்ளை வெளியே போடவே போடாது. அட்டையில் உள்ள எண் முழுசாகக் காதில் கிடைக்காது. 7-ஐக் கழித்துப் பாதியாக்கினால் வரும் 10 டெசிபெல்லை நம்பலாம்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் பஸ் இன்ஜின், ஏசி இரைச்சல் போன்ற ஒரே சீரான சத்தத்துக்கு நல்லது. குக்கர் விசில், பட்டாசு, ஆரன் என்று திடீரென வருவதற்கு இந்தக் கவசம்தான் கைகொடுக்கும்.

போடும்போது முடியை ஒதுக்கி, காது முழுவதும் கிண்ணத்துக்குள் போக வேண்டும். மிக்ஸியை ஓடவிட்டு இரு கிண்ணங்களையும் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சத்தம் இன்னும் குறைந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. பெரும்பாலும் மூக்குக்கண்ணாடிக் காம்புதான் காரணம். மெல்லிய காம்புள்ள ஃப்ரேமுக்கு மாற்றுங்கள்.

சென்னை வெயிலில் இதன் பெரிய குறை வியர்வை. கிண்ண விளிம்பில் உள்ள மெத்தையை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெத்தையை மாற்றுங்கள். நாள் முழுக்க மாட்டியிருந்தால் காதின் கூச்சம் கூடத்தான் செய்யும். சத்தம் ஓய்ந்ததும் கழற்றட்டும். ரோட்டைக் கடக்கும்போது வேண்டவே வேண்டாம்.

வாங்கியும் பல வீடுகளில் இது பீரோவில் கிடக்கிறது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் ஆரம்பிக்கும்போது, “கழட்டுடா, எல்லாரும் பாக்கிறாங்க” என்று அப்பாவே சொன்னால் பிள்ளை மறுபடி எடுக்காது. யாராவது கேட்டால் “சத்தம் எனக்கு ஒத்துக்காது” என்ற பதில் போதும். ஆஸ்பெர்கர் என்று சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். தேர்வில் போட வேண்டுமானால் ரிப்போர்ட் நகலோடு தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, எழுத்துமூலம் அனுமதி வாங்கி வையுங்கள்.