புதிய தண்டர்பேர்ட்: கண்ணுக்குத்தான் புதுசு, கைக்குப் பழசு

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். கோப்பு மெயிலில்தான் வரும், திருத்தி முடித்தால் மெயிலில்தான் போகும். நாள் முழுக்க இன்பாக்ஸிலேயே கிடப்பவளுக்கு அங்கே ஒரு பொத்தான் இடம் மாறினாலும் எரிச்சல்தான். கணினியில் மெயில் பார்க்கும் மென்பொருளான தண்டர்பேர்டின் 102ஆம் பதிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அதனால்தான். 2023 ஜூலையில் 115 'சூப்பர்நோவா' என்ற பெயரில் முகத்தையே மாற்றிக்கொண்டு வந்தபோதும் அசையவில்லை. மறு ஆண்டு வந்த 128ஐயும் கண்டுகொள்ளவில்லை. பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் இனியும் தள்ளிப்போட வழியில்லாமல் நேராக 140க்குத் தாவினேன்.

திறந்ததும் முதலில் கண்ணில் படுவது டூல்பார். ஜன்னலின் உச்சிக்குப் போய்விட்டது, நடுவில் நீளமாகத் தேடல் பெட்டி. புதிய மெயில் எழுதும் பொத்தான் இடது பக்கம் ஃபோல்டர் பட்டியலுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. பழைய மெனுவைக் காணோமே என்று தேடுகிறவர்கள் விண்டோஸில் ஆல்ட் விசையைத் தட்டிப் பாருங்கள். டூல்பாரில் வலது கிளிக் செய்தால் வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை எடுக்கலாம். மெயிலுக்கு ஒரு மாதிரி, காலண்டருக்கு வேறு மாதிரி என்றுகூட வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் டூல்பாரைப் பற்றிப் புலம்ப ஒன்றுமில்லை.

நான் நின்று பார்த்தது, ஒவ்வொரு மெயிலையும் சின்ன அட்டை போலக் காட்டும் கார்டு வியூவைத்தான். பழைய டேபிள் வியூவில் ஒரு மெயிலுக்கு ஒரே வரி. அனுப்பியவர், பொருள், தேதி எல்லாம் அந்த வரிக்குள் இடிபடும். தமிழில் பொருள் எழுதுகிறவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் தெரியும். 'மூன்றாம் அத்தியாயம், இரண்டாம் மெய்ப்பு, படங்களுடன்' என்று ஒருவர் அனுப்புவார். திரையில் 'மூன்றாம் அத்தியாயம், இர' வரைதான் தெரியும். எனக்கு வேண்டியதோ கடைசியில் இருக்கும் அந்தப் 'படங்களுடன்'. கார்டில் பெயரும் தேதியும் மேல் வரியில் போய்விடுகின்றன, பொருளுக்குக் கீழ் வரி முழுவதும் கிடைக்கிறது. இதற்காகவே மாறலாம் என்பேன். ஆனால் ஒரே திரையில் தெரியும் மெயில்களின் எண்ணிக்கை குறைகிறது. பழைய மெயில்களை மொத்தமாக மேய வேண்டிய நாட்களில் பட்டியலின் தலைப்பில் இருக்கும் சின்னப் பொத்தானைத் தட்டி டேபிளுக்கே திரும்பிவிடுகிறேன். டேபிளை அவர்கள் தூக்கிவிடவில்லை என்பதே பெரிய நிம்மதி.

எழுத்தின் அளவை மாற்ற இரண்டு இடங்கள் இருக்கின்றன, அதில் குழம்ப வேண்டாம். மூன்று கோடு மெனுவில் இருப்பது பட்டியலுக்கும் மெனுக்களுக்கும். அதே மெனுவில் நெருக்கமாகவா தளர்வாகவா என்ற இடைவெளித் தேர்வும் உண்டு. மெயிலுக்குள் இருக்கும் தமிழ் பொடிப்பொடியாகத் தெரிந்தால் செட்டிங்ஸில் எழுத்துருப் பகுதிக்குப் போய், மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்து, அங்கே அளவைக் கூட்ட வேண்டும்.

இத்தனை மாறியும் வேலை தடைப்படாமல் ஓடியதற்குக் காரணம் கீபோர்ட். 'என்' தட்டினால் படிக்காத அடுத்த மெயில், 'ஏ' தட்டினால் ஆர்க்கைவ், 'எஸ்' தட்டினால் நட்சத்திரம், ஒன்று முதல் ஒன்பது வரை டேக். எல்லாம் பழையபடியே. கண் எங்கே எங்கே என்று அலைந்துகொண்டிருக்க, விரல் பாட்டுக்கு வேலையை முடித்துவிடுகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் குவிக் ஃபில்டரும் அப்படியே இருக்கிறது. அட்டாச்மென்ட் உள்ளவை மட்டும் என்று வடிகட்டி, குண்டூசி (pin) அடையாளத்தையும் அழுத்திவிட்டால், எந்த ஃபோல்டருக்குத் தாவினாலும் கோப்பு உள்ள மெயில்கள் மட்டுமே நிற்கும். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. மவுஸை மட்டும் நம்பி வேலை பார்க்கிறவர்கள் இந்த அப்டேட்டில் என்னைவிட அதிகம் திண்டாடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

140இல் வந்தவற்றில் ஃபோல்டர்களை இழுத்து நம் இஷ்டப்படி வரிசைப்படுத்துவது அருமை. இவ்வளவு காலம் ஏன் இல்லை என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. மெயிலின் உள்ளடக்கத்தையும் கருப்பாக்கும் டார்க் மோடு இரவில் கண்ணுக்கு இதம். ஆனால் யாராவது திருத்தங்களைச் சிவப்பிலும் பச்சையிலும் குறித்து அனுப்பியிருந்தால் நிறங்கள் வேறு மாதிரி தெரியக்கூடும். அந்த நேரத்தில் மெயிலின் தலைப்பிலேயே அதை அணைத்துக்கொள்ளலாம், செட்டிங்ஸ் வரை போக வேண்டியதில்லை.

மாறப்போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நம் மெயில்களும் செட்டிங்ஸும் இருக்கும் ஃபோல்டர்தான் புரொஃபைல். புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு சாதாரணமாகத் திறக்காது, புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்லும். பிடிக்கவில்லை என்றால் பின்வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. கூடுதல் வசதிக்காகச் சேர்த்து நீங்கள் நம்பியிருக்கும் ஆட்-ஆன் புதிய பதிப்புக்கு ஒத்துவருமா என்று அதன் இணையப் பக்கத்தில் பாருங்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு, புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அப்புறம் அப்டேட்டைத் தட்டுங்கள்.