ரெயில்ஸ் 7.1-இன் கமிட் கால்பேக் டீஃபால்ட்டுகள்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

ரூபி மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸின் 7.1 பதிப்பு வந்தது 2023 அக்டோபரில். எங்கள் ஆர்டர் ஆப்பை அதற்கு மாற்றியபோது கோடில் பெரிதாகக் கைவைக்க வேண்டியிருக்கவில்லை, நேரத்தைத் தின்றது, தரவு டேட்டாபேஸில் உறுதியானதும் (கமிட்) தானாக ஓடும் ஆஃப்டர் கமிட் கால்பேக்கின் இரண்டு புதிய டீஃபால்ட்டுகள்தான்.

முதலாவது வரிசை. மாடலின் மற்ற பெரும்பாலான கால்பேக்குகள் எழுதிய வரிசையில் ஓடும்போது, பழைய பதிப்புகளில் ஆஃப்டர் கமிட் தலைகீழாக ஓடும் (ஏன் இத்தனை வருஷம் இதைச் சகித்துக்கொண்டோம்?). இப்போது நேர்வரிசை. நல்லதுதான், ஆனால் மாடலின் தலையில் இன்க்ளூட் செய்திருந்த தேடல் இன்டெக்ஸ் கன்சர்ன் (தேடல் சர்வரைப் புதுப்பிக்கும் தனி மாட்யூல்) முன்பு கடைசியில் ஓடியது, இப்போது முதலில் ஓடுகிறது. தேடல் சர்வர் படுத்து எக்செப்ஷன் வந்தால், தரவு கமிட் ஆகியிருக்கும், ஆனால் அடுத்திருக்கும் மெயில் கால்பேக் ஓடவே ஓடாது. அதனால் இன்டெக்ஸ் வேலையைப் பின்னணி ஜாபுக்குத் தள்ளிவிட்டோம்.

இரண்டாவதுதான் ஆழமானது. ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்தே கமிட் ஆகும் தொகுப்பு) டேபிளின் ஒரே ரோவை இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் சேவ் செய்தால், கமிட் கால்பேக் அவற்றில் ஒன்றின் மேல்தான் ஓடும். முன்பு முதலில் சேவ் ஆனது, அது பழைய மதிப்புகளை வைத்துக்கொண்டிருந்தாலும் சரி. இப்போது பொதுவாகக் கடைசியாக சேவ் ஆனது. எப்போதாவது இன்டெக்ஸில் பழைய தொகை நிற்கும் தொல்லை இதனால் ஒழிந்தது. ஆனால் 'ஸ்டேட்டஸ் மாறியதா' என்று சேவ்டு சேஞ்ச் (கடைசி சேவில் அந்த ஆப்ஜெக்ட்டில் மாறியவை) வைத்துப் பார்க்கும் கால்பேக்குகளைக் கவனியுங்கள்: முதல் ஆப்ஜெக்ட் ஸ்டேட்டஸை மாற்றி, இன்னொரு சர்வீஸ் தனியாக எடுத்த ஆப்ஜெக்ட் குறிப்பை மட்டும் மாற்றினால், கால்பேக் அந்த இரண்டாவதின் மேல் ஓடி, ஸ்டேட்டஸ் மாறவில்லை என்றே சொல்லும். எரர் வராது, லாகிலும் ஒன்றும் இருக்காது, வாடிக்கையாளருக்கு மெசேஜ் மட்டும் போகாது. என் கருத்தில் புதிய நடத்தைதான் சரி, பழையதற்குத் திரும்ப மாட்டேன். ஸ்டேட்டஸ் மெசேஜை மட்டும் கால்பேக்கிலிருந்து பிடுங்கி, டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் சர்வீஸே நேரடியாக அனுப்பும்படி வைத்துக்கொண்டோம்.

ஆப் அப்டேட் கமாண்ட் உருவாக்கும் புதிய டீஃபால்ட்ஸ் ஃபைலில் இவை தனித்தனி வரிகளாகவே வரும், ஒவ்வொன்றாகக் கமென்ட்டை நீக்கி தனித்தனியாக டெப்ளாய் செய்யுங்கள். எல்லா டீஃபால்ட்டையும் மொத்தமாக இயக்கும் லோட் டீஃபால்ட்ஸை 7.1 ஆக்குவது எல்லாம் முடிந்தபின். அப்புறம், டெஸ்ட்டை ரொம்ப நம்பாதீர்கள்: ரெயில்ஸ் 5-லிருந்து டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடி முடிவில் எல்லாவற்றையும் ரத்து செய்யும் டெஸ்ட்டிலும் கமிட் கால்பேக் ஓடும் என்பதால் வரிசைச் சிக்கல் அதில் சிக்கலாம், ஆனால் மாடல் டெஸ்ட்டில் பெரும்பாலும் ஒரே ஆப்ஜெக்ட்தான் இருக்கும், இரண்டு ஆப்ஜெக்ட் விவகாரத்தைப் பிடிக்க சர்வீஸை முழுதாக ஓட்டும் டெஸ்ட் வேண்டும்.