ஹவுஸ் சர்ஜன்களுக்கு இடம் கொடுக்கும் ஒரு பி.எச்.சி.: மேசை உண்டு, தங்க இடம் சுமார்

2021 விதிமுறைப்படி ஹவுஸ் சர்ஜன்களின், அதாவது எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்த பயிற்சி மருத்துவர்களின், ஓராண்டுப் பயிற்சியில் சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம். அந்தக் காலம் உருப்படியாகப் போகுமா, ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதியே தீருமா என்பது போய்ச் சேரும் நிலையத்தைப் பொறுத்தது. தர்மபுரி மாவட்டத்தில் உள்ள ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் (பி.எச்.சி.) கணக்கு இது. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம்.

இங்கே சரியாக இருப்பது மேசை. எம்.ஓ. (நிலையத்தின் மருத்துவ அலுவலர்) அறையிலேயே, அவர் கண்பார்வையில் இன்னொரு மேசை, இரண்டு நாற்காலி, தனி பி.பி. கருவி. பல இடங்களில் ஹவுஸ் சர்ஜன் எம்.ஓ. நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நிற்பதோடு சரி. இங்கே ஓ.பி. சீட்டில் ஆறில் ஒன்று அவர் மேசைக்குப் போகிறது. எம்.ஓ. ஐந்து பேரைப் பார்க்கும் பத்து நிமிடத்தில் இவர் ஒருவரைப் பார்த்து முடிப்பார். மூன்றில் ஒன்று என்று அனுப்பினால் பதினோரு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டும். பஸ்ஸை விட்டவர்கள் சத்தம் போடுவார்கள். நோயாளி எழுவதற்குள் எம்.ஓ. வந்து மறுபடி பார்த்த பிறகுதான் மருந்துச் சீட்டு பார்மசிக்குப் போகும். மருத்துவச் சான்று, இறப்புச் சான்று, போலீஸ் கேஸ் தாள் எதிலும் ஹவுஸ் சர்ஜன் கையெழுத்து கூடாது. அதில் இவர்கள் கறார்.

கையிருப்பு மருந்துப் பட்டியலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். சின்ன ஏற்பாடுதான். ஆனால் அது இல்லாத இடத்தில், கல்லூரி வார்டில் பழகிய மாத்திரையை எழுதிக் கொடுத்து, பார்மசியிலிருந்து சீட்டு திரும்பி வருவதே பாதி நாள் வேலை.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக். கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கண்டறியும் 75 கிராம் குளுக்கோஸ் சோதனையை முழுதாக ஹவுஸ் சர்ஜனிடம் விட்டிருக்கிறார்கள். குடித்து முடித்த நேரத்தை அட்டையில் எழுதுவது, சரியாக இரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுக்க ஆளைக் கூப்பிடுவது, சர்க்கரை அளவு 140-ஐத் தொட்டால் எம்.ஓ.விடம் காட்டுவது. அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வரச் சொல்ல வேண்டும். நேரம் எழுதாத இடங்களில் பஸ் நேரத்துக்கு ஏற்பத்தான் ரத்தம் எடுக்கிறார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

பாம்புக்கடிக்கு 20 நிமிட ரத்தம் உறைதல் சோதனை: ரத்தம் உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மில்லி ரத்தம், உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாய், அசைக்காமல் 20 நிமிடம். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத் தூளில் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமே உறையாமல் நின்று ஏமாற்றும். இங்கே புதிய குழாய்களைத் தனி டப்பாவில் வைத்து, மேலே 'கழுவாதே' என்று எழுதியிருக்கிறார்கள். விஷமுறிவு மருந்துக்குப் பக்கத்திலேயே அட்ரினலின் இருக்கிறது. நாய்க்கடிக்கு 0, 3, 7, 28 நாள் ஊசிக் கணக்கு சுவரில் ஒட்டியிருக்கிறது; ஆனால் 15 நிமிடம் சோப்பு போட்டுக் காயம் கழுவ வேண்டிய குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. இதைச் சரிசெய்யப் பெரிய நிதி தேவையில்லை.

களப்பணி சுமார். வீடு தேடிப் போய் மருத்துவம் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அப்படியிருந்தும், இங்கே வரும் ஹவுஸ் சர்ஜன் அந்தத் திட்டத்தின் தன்னார்வலரோடு ஒரு வீட்டு வாசலுக்காவது போகிறாரா என்பது ஜீப்புக்கு டீசல் இருப்பதைப் பொறுத்தது. புதன்கிழமை தடுப்பூசிக்கு மட்டும் வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காவோடு துணை நிலையம் போவது நிச்சயம். வேக்சின் கேரியரில் ஐஸ் பேக்கை உறைந்தபடியே வைக்கக்கூடாது. கையில் எடுத்து ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பென்டாவேலன்ட் தடுப்பூசி உறைந்து வீணாகும். இதை அந்த அக்காவைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.

இன்னொன்றும் இந்த மண்ணில்தான் கற்க முடியும். நாற்பது வயதுக்காரர் முதுகு விறைக்கிறது என்று வந்தால், பல்லில் பழுப்புக் கறை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார் எம்.ஓ. அடுத்த கேள்வி: "ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா?" போர் தண்ணீரில் மிகுந்திருக்கும் ஃப்ளோரைடு பல்லைக் கறையாக்கும், முதுகையும் விறைக்க வைக்கும்; வலி மாத்திரை எழுதுமுன் அது நினைவுக்கு வர வேண்டும் என்பது அவர் கட்சி.

பயிற்சியில் செய்ததையெல்லாம் பதிந்து எம்.ஓ.விடம் கையெழுத்து வாங்கும் லாக் புக்தான் பெரிய குறை. கடைசி நாள் ஒரே உட்காரலில் எல்லாப் பக்கத்துக்கும் கையெழுத்து விழுகிறது. எதைத் தானே செய்தார், எதைப் பார்த்தார் என்ற பிரிவே அங்கே மறைந்துபோகிறது. வெள்ளிக்கிழமை மதியம் கால்மணி ஒதுக்கினால் தீரும். பெண்கள் தங்கும் குவார்ட்டர்ஸில் கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியில்லை. இரவுப் பிரசவத்துக்கு அங்கிருந்து நடந்து வரும் வழியில் விளக்கும் இல்லை.

கல்லூரித் துறைகள் இங்கே ஒரே நேரத்தில் இரண்டு பேரை அனுப்பலாம்: ஒருவர் ஓ.பி. மேசைக்கு, ஒருவர் பிரசவ அறைக்கும் லேப்புக்கும், வாரம் மாற்றி. மூன்றாவது ஆளுக்கு இங்கே நாற்காலி இல்லை. அனுப்பினால் அவருக்கு ரிஜிஸ்டர்தான் கிடைக்கும்.