ஃப்ரீசர் பெட்டியில் பேக்கனும் சாசேஜும்: எது காசுக்குத் தகும்?

கோல்ட் ஸ்டோரேஜ் கடைகளில் ஒரே ஃப்ரீசரில் கிடக்கும் மூன்று பாக்கெட்டுகள்: ஸ்ட்ரீக்கி பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய, கொழுப்பு வரியோடிய பன்றி வயிற்றுக்கறித் துண்டுகள்), வேகவைக்காத போர்க் சாசேஜ், ஏற்கெனவே வேகவைத்த சிக்கன் சாசேஜ். மூன்றையும் ஒரே மாதிரி காய்ந்த எண்ணெயில் போட்டால் ஒன்று கருகும், ஒன்று வெடிக்கும், ஒன்று ரப்பராகும். குறை பாதி பாக்கெட்டில், பாதி அடுப்பில்.

பேக்கனைக் கறியாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். 200 கிராமை மொறுமொறுவென வறுத்தால் தட்டில் 70 கிராம் தேறினால் அதிகம். மற்றதெல்லாம் உருகிய கொழுப்பும் ஆவியான தண்ணீரும். தாளிப்புச் சாமானாக நினைத்தால் கணக்கு மாறும். நாலு துண்டு போதும், இரண்டு பேர் சாப்பிடும் சாதம் முழுக்க மணக்கும்.

வாங்கும்போது பொருட்கள் பட்டியலைப் படியுங்கள். பன்றி இறைச்சிக்கு அடுத்தே தண்ணீர் இருந்தால், வாணலியில் வெள்ளையாக ஏதோ கக்கும். கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம். உள்ளே ஏற்றிய உப்புத்தண்ணீர் புரதத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. அது வற்றும்வரை பேக்கன் வறுபடாது, வெறுமனே வேகும். எடைக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனதும் அப்போது தெரியும்.

வறுக்கும் விதம் ஒன்றுதான். அடி கனமான வாணலியைக் காயவைக்காமல், எண்ணெய் விடாமல், துண்டுகளைப் பரப்பிய பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சிறு தீ. முதலில் வெள்ளைக் கொழுப்பு கண்ணாடி மாதிரி ஆகும், பிறகு உருகி ஓடும். நன்றாகச் சூடேறிய வாணலியில் போட்டால் கறி சுருண்டு கருகிவிடும், கொழுப்போ உள்ளேயே நிற்கும். 8 முதல் 10 நிமிடத்தில் சடசடப்பு அடங்கிப் பொடி நுரை கட்டும், அப்போதே எடுத்துவிடுங்கள். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும். வாணலியிலேயே வரட்டும் என்று விட்டால் கசக்கும்.

அந்தக் கொழுப்பில் ஒன்றரை மேசைக்கரண்டி வைத்துக்கொண்டு 4 பல் பூண்டு, ஒரு கைப்பிடி முட்டைக்கோஸ், 2 முட்டை, முந்தின நாள் வடித்த சாதம் 2 கப், மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி சோயா சாஸ். பெரிய தீயில் 4 நிமிடம். பேக்கனை நொறுக்கிக் கடைசியில் தூவுங்கள். உப்பு போடவே கூடாது. பேக்கனிலும் சோயாவிலும் இருப்பதே தாராளம்.

மூன்றில் காசுக்குத் தகுந்தது வேகவைக்காத போர்க் சாசேஜ். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். வாணலியில் சாசேஜ், கால் கப் தண்ணீர், மூடி, சிறு தீயில் 8 நிமிடம். பிறகு மூடியைத் திறந்து தண்ணீரை வற்றவிட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் உருட்டி உருட்டிச் சிவக்க விடுங்கள். முள்கரண்டியால் குத்தும் பழக்கம் வேண்டாம். சாறு ஓடிப்போய் மரத்தூளைத் தின்பது போலிருக்கும். தோல் வெடிப்பது குத்தாததால் அல்ல, தீ அதிகமானதால். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள்: பாக்கெட்டில் ஐ.என்.எஸ். 250 என்று போட்டிருக்கும் சோடியம் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு சேர்த்த சாசேஜ் நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

சிக்கன் சாசேஜ் சுமார்தான். மாவுச்சத்தும் சோயாப் புரதமும் பட்டியலில் முன்னால் வந்தால் வைத்துவிட்டு நகருங்கள். வாங்கிவிட்டால் இலங்கைக்காரர்களின் 'டெவில்ட்' முறைதான் அதைக் காப்பாற்றும். 250 கிராமைச் சாய்வாக வெட்டி, ஓரம் சிவக்கும்வரை 3 நிமிடம் வதக்கி எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் பெரிய துண்டுகளாக வெங்காயம், கறிமிளகாய் அல்லது குடைமிளகாய், ஒரு தேக்கரண்டி இடித்த மிளகாய், 2 மேசைக்கரண்டி தக்காளி சாஸ், ஒரு தேக்கரண்டி வினிகர். சாசேஜைத் திரும்பப் போட்டு ஒரு நிமிடம் புரட்டினால் போதும். வெங்காயம் கடிபட வேண்டும். ஏற்கெனவே வெந்த பொருள் என்பதால் நேரம் ஏற ஏற ரப்பர்தான். சில வகைகளில் மேலே உரிக்க வேண்டிய உறை இருக்கும். நகத்தால் கீறிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சேர்த்தது. பள்ளி டிபனில் தினமும் வைக்கும் சாமான் இல்லை இது.

பிரித்த பேக்கனைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். அதற்குள் முடியாதென்றால், பிரித்த அன்றே துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்துச் சுருட்டி ஃப்ரீசரில் போடுங்கள், ஒரு மாதம் தாங்கும். மொத்தமாகப் போட்டால் கட்டியாக உறைந்து ஒரு துண்டுகூடப் பிரியாது. பனி விட்ட பச்சை சாசேஜை இரண்டு நாளில் சமைத்துவிட வேண்டும். மிஞ்சிய பேக்கன் கொழுப்பைத் துணியில் வடிகட்டிக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, அதையும் குளிர்சாதனப் பெட்டியிலேயே வையுங்கள். கருகிய துகள் அடியில் தங்கினால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும்.