பூக்கூடைக்கு எது சரி: பனை ஓலையா, வாழை நாரா?

நிச்சயதார்த்த வரிசைத் தட்டு, கொலுப்படி, வரவேற்பு மேசை என்று எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் கூடைகள்தான் இருந்தன. இப்போது பலர் நார்க்கூடை தேடுகிறார்கள், சிலர் தாங்களே செய்யவும் உட்காருகிறார்கள். மனசுக்கு நிறைவான மாற்றம் இது. ஆனால் எந்த நாரில் செய்வது என்று முடிவெடுக்கும்போது பெரும்பாலும் நிறத்தையும் படத்தில் பார்த்த அழகையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: கூடை தானாக நிமிர்ந்து நிற்குமா, ஈரம் பட்டால் என்ன ஆகும்?

இந்த இரண்டிலும் பனை ஓலையை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் கருத்து. நந்தவனத்தில் பறித்த பூவைக் கோயிலுக்குக் கொண்டுபோன குடலை ஓலையில் முடைந்ததுதான். எறிபத்த நாயனார் கதையில் கரூர்த் தெருவில் பட்டத்து யானை பறித்துச் சிந்தியதும் சிவகாமியாண்டாரின் பூக்குடலையைத்தான். செட்டிநாட்டு ஆச்சிமார் விசேஷங்களுக்கு முடைந்த கொட்டான் என்னும் சிறு கூடையும் பனை ஓலையே. மறையும் நிலைக்குப் போன அந்தக் கைவேலையைக் காரைக்குடிப் பக்கத்தில் மீட்டெடுத்தார்கள், இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பெண்கள் முடையும் ஓலைப்பெட்டிகளைப் பார்த்தால், வெறும் இலையில் இவ்வளவு நுணுக்கமா என்று தோன்றும்.

கூடைக்கு வேண்டியது விரியாத குருத்தோலை. முற்றிய ஓலை பச்சை போனதும் பழுப்பேறும், மடித்த இடத்தில் வெடிக்கும். குருத்தை நன்றாகக் காயவிட்டால் சந்தன நிறத்துக்கு வரும். ஈர்க்கை நீக்கிவிட்டு ஒரே அகலத்தில் கீற வேண்டும். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும், ஏனென்றால் ஒரு கீற்று கொஞ்சம் அகலமாகப் போனாலும் பக்கச் சுவர் கோணிக்கொள்ளும். முடைவதற்கு முன் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் சொன்னபடி வளையும். அப்புறம் ஒரு விஷயம்: ஈரமாக முடைந்த ஓலை காயும்போது சுருங்கும், நெருக்கமாகத் தெரிந்த பின்னலில் சந்து விழும். அதனால் முடைந்த அன்றே வாய் கட்டிவிடாமல் ஒரு நாள் காயவிட்டு, கீற்றுகளை அடியிலிருந்து இழுத்து நெருக்கிய பிறகு கட்டுவது நல்லது. கைப்பிடிக்கு ஓலை மட்டும் போதாது. உள்ளே பனை மட்டை நாரையோ மெல்லிய பிரம்பையோ வைத்து மேலே ஓலை சுற்றினால்தான் பூவின் எடையைத் தாங்கும்.

வாழை நாருக்கு வருவோம். கிடைப்பதில் அதுதான் முதலிடம். வாழை ஒருமுறைதான் குலை தள்ளும். தார் வெட்டியதும் மரத்தையும் சாய்த்தாக வேண்டும். திருச்சி, தேனி, தூத்துக்குடிப் பக்கத் தோட்டங்களில் அந்த மரங்கள் பெரும்பாலும் மட்கத்தான் போகின்றன. மட்டையை உரித்துக் காயவைத்து முறுக்கினால் கயிறு. மதுரைக்குப் பக்கத்தில் மேலக்காலில் இந்தக் கயிற்றை வைத்துக் கூடைகள் செய்கிறார்கள். வெளிர் நிறமும் காப்பி நிறமும் கலந்து வரும் அந்தக் கயிற்றுக்குச் சாயமே தேவையில்லை.

ஆனால் அது தானாக நிற்காது. வாளியையோ பாத்திரத்தையோ கவிழ்த்து வைத்து அதைச் சுற்றித்தான் வளர்க்க வேண்டும், ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு ஊசியால் தைக்க வேண்டும். ஃபெவிகால் தடவி ஒட்டுவது சுலபம்தான், ஆனால் பசை காய்ந்த இடம் பளபளவென்று தனியாகத் தெரியும், சுற்றும் சீக்கிரம் பிரியும். இதைவிடப் பெரிய குறை ஈரம். வாழைக்கயிறு தண்ணீரை உறிஞ்சும், கறை பிடிக்கும், காயாமல் கிடந்தால் பூசணம் பூக்கும். மல்லி, சம்பங்கி, செவ்வந்தி என்று தண்ணீர் தெளித்த பூக்களை வைப்பதாக இருந்தால் வாழைக்கூடை எனக்குச் சரிப்படாது. காய்ந்த பூ, காகிதப் பூ, துணிப் பூ என்றால் தாராளமாகச் செய்யலாம்.

ஓலைக்கூடையிலும் ஈரப் பூவை நேராகக் கொட்டக் கூடாது. வாழையிலையை வாட்டி உள்ளே விரியுங்கள், தண்டோடு வைக்கும் பூ என்றால் ஒரு சில்வர் கிண்ணத்தை உள்ளே மறைத்துவிடுங்கள். பூத்தண்டைச் செருக ஈர ஸ்பாஞ்சு வைக்கிறவர்கள் அதையும் கிண்ணத்துக்குள்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மேசை விரிப்பில்தான் நிற்கும்.

கோரையைப் பற்றியும் கேட்பார்கள். தாமிரபரணிக் கரைப் பத்தமடையில் அதை நூல்போலக் கீறி நெய்யும் பாய்க்கு இணை கிடையாது. ஆனாலும் பாய்க்கு வேண்டிய குழைவு கூடைக்கு ஆகாது, சுவர் தொய்ந்துவிடும். கூடையின் வாயைச் சுற்றிப் பட்டை போடலாம், மூடி செய்யலாம். மூங்கில் எல்லாவற்றையும்விட உறுதி, ஆனால் பிளந்து சீவுவது பழகிய கைக்குத்தான் வரும். தென்னங்கயிறு செடித்தொட்டிக்குப் போகட்டும், அதன் தூசி பூவில் படியும்.

பனை ஓலைக்கும் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. குருத்து வெட்ட மரம் ஏறத் தெரிந்தவர் வேண்டும், அவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு மரத்தில் குருத்தை அளவாகத்தான் எடுக்க வேண்டும், மொத்தமாக வெட்டினால் மரம் நலியும். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் பதமான ஓலை கேட்டவுடன் கிடைக்காது, தெற்கே சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பனையை வெட்டுவதென்றால் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். மரத்தைக் காப்பாற்ற அது உதவும். ஓலைக்கு நல்ல விலை கிடைத்தால் ஏறுகிறவர்களும் நிலைப்பார்கள். அதனால் ஓலைக்கு வாழைக்கயிற்றைவிடக் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் பேரம் பேசாமல் கொடுங்கள் என்பேன்.

இனி அலங்காரப் பூ. இங்கே முடிவு தலைகீழ். ஓலைக்கீற்றைச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் வெளிப்பக்கமாகச் சாய்வாக மடித்துக்கொண்டே போனால் ரோஜா வரும். ரோஜா மட்டும்தான் அதில் அழகு, மற்றப் பூக்களைச் செய்தால் இதழ்கள் விறைத்து நிற்கும். வாழை நாருக்கு அந்த விறைப்பு கிடையாது. சுரண்டி எடுத்த நாரைச் சீவி, கற்றையாக மடித்து நடுவில் கட்டி, நுனிகளை வெட்டிவிட்டால் சாமந்தி மலர்ந்துவிடும். சாயமும் அதில் நன்றாக ஏறும். மஞ்சள்தூளில் தோய்த்தால் நிறம் அள்ளும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் சன்னலோரம் வைக்காதீர்கள். பூக்காரம்மா காம்பு நசுங்காமல் மல்லியைத் தொடுப்பது நனைத்த வாழை நாரில்தானே, அந்தக் குழைவுதான் இங்கேயும் கைகொடுக்கிறது.

ஆகவே கூடையை ஓலையில் முடைந்து, பூவை வாழை நாரில் கட்டுங்கள். பூக்களைக் கூடையில் ஒட்டாமல் நூலால் முடிந்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நார்ப்பூதான் முதலில் பூசணம் பிடிக்கும், அப்போது அதை மட்டும் கழற்றிக் காற்றாடக் காயவைத்து மறுபடியும் கட்டிக்கொள்ளலாம்.