ஒரே ‘கடந்து’, ஆங்கிலத்தில் எத்தனை?

இலங்கை மலையகத்தில் அட்டனிலிருந்து பதுளைக்கு ரயிலில் போனதைப் பற்றி எழுதச் சொன்னால், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழில் தயங்காமல் எழுதுவார்கள்: சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்தோம், சென் கிளயர் நீர்வீழ்ச்சியைக் கடந்தோம், எல்ல நிலையத்துக்கு அப்பால் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்தோம். மூன்றும் நல்ல தமிழ். அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது பேனா நின்றுவிடுகிறது. நமக்கு ‘கடந்து’ என்ற ஒரு வினை போதும். ஆங்கிலமோ, கடந்துபோன இடம் எப்படிப்பட்டது என்று கேட்டுவிட்டுத்தான் சொல் கொடுக்கிறது.

சுரங்கத்தில் மேலும் பக்கமும் பாறை நம்மைச் சூழ்ந்திருக்கிறது. ஆகவே ‘த்ரூ’, நம்முடைய ‘ஊடாக’ இதற்கு மிக நெருக்கம். பாலம் ஒரு பரப்பு. இந்த முனையில் தொடங்கி அந்த முனையில் முடிகிறோம். அதற்கு ‘அக்ராஸ்’. நீர்வீழ்ச்சியைத் தொடாமல் பக்கத்தில் விட்டுச் செல்வதால் ‘பாஸ்ட்’. பாலத்துக்கு ‘ஓவர்’ என்றும் எழுதலாம், பிழையில்லை. ஆனால் மதிலைத் தாண்டிக் குதித்தவனுக்கு ‘ஓவர்’ மட்டுமே.

‘அக்ராஸ்’, ‘த்ரூ’ இரண்டையும் பிரித்துக் காட்ட எங்கள் மலையைவிட நல்ல கரும்பலகை இல்லை. விளையாட்டு மைதானத்தின் குறுக்கே நடந்தால் ‘அக்ராஸ்’. இடுப்பளவு தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு அம்மா கொழுந்து பறிக்கப் போனால் ‘த்ரூ’. இரண்டும் திறந்த வெளிதான், ஆனால் தேயிலை உடலை உரசுகிறது. பனிமூட்டத்துக்கும் அதே ‘த்ரூ’. இப்படிச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் தெளிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

‘கு’ என்றால் ‘டு’ என்று மனப்பாடம் செய்விப்பதை நான் ஏற்கவே மாட்டேன். ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்பதில் ‘கு’ இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கோ ஹோம்’ என்றால் போதும், இடையில் ‘டு’ வராது. ‘அட்டனுக்கு வந்து சேர்ந்தேன்’ என்று நினைத்து ‘ரீச்’ என்ற வினைக்குப் பின் ‘டு’ போடுவது இன்னொரு பிழை. ‘அட்டனை அடைந்தேன்’ என்று நினைத்துப் பார்த்தால் அது வராது.

‘டு’, ‘டுவர்ட்ஸ்’ வேறுபாடு இதைவிட முக்கியமானது. ‘பஸ் நுவரெலியாவுக்குப் போனது, றம்பொடையில் மண்சரிவால் நின்றுவிட்டது’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் இங்கே ‘வென்ட் டு’ என்று எழுதினால், பஸ் நுவரெலியாவில் போய் நின்றதாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார். திசையை மட்டும் சொல்ல ‘டுவர்ட்ஸ்’ வேண்டும். நம் ‘நோக்கி’ அதற்குச் சரியான துணை.

‘இன்’, ‘இன்டு’ விடயத்தில் தமிழே கைகொடுக்கிறது: அறையில் நடந்தாள், அறைக்குள் போனாள். முன்னது ‘இன்’, பின்னது ‘இன்டு’.

வாகனத்தில் ஏறுவது தனிக் கதை. எழுந்து நின்று நடக்க இடமுள்ள பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ‘ஆன்’; குனிந்து நுழைந்து உட்காரும் ஆட்டோவுக்கும் காருக்கும் ‘இன்டு’. கொழுந்து லொறியின் பின்தட்டில் தாவி ஏறினால் ‘ஆன்டு’, அதே லொறியில் சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் ஏறினால் ‘இன்டு’.